குண்ட்லகம்மா ஆற்றில் வாசிக்கப்பட்ட பெயர்கள்: ஓங்கோல் பாப்டிஸ்ட் சபையின் வரலாறு

ஓங்கோல் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவை திமில் உயர்ந்த வெள்ளை மாடுகள்தாம். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் வடக்கே, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த சிறிய ஊர் அது. அங்கே 1867 ஜனவரி 1ஆம் தேதி எட்டு உறுப்பினர்களைக் கொண்டு ஒரு பாப்டிஸ்ட் சபை முறைப்படி அமைக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் அந்தச் சபையின் பேரேட்டில் 12,000க்கும் அதிகமான பெயர்கள் ஏறியிருந்தன. உலகிலேயே பெரிய பாப்டிஸ்ட் சபை என்று அமெரிக்காவில் அதைப் பற்றிப் பேசினார்கள்.

இந்த வளர்ச்சியை ஓர் அமெரிக்க மிஷனரியின் சாதனையாகச் சொல்லும் வழக்கம் நெடுநாளாக இருந்துவருகிறது. பஞ்சகாலத்தில் சோற்றுக்காக மதம் மாறிய கூட்டத்தின் கதை என்று ஒதுக்குவோரும் உண்டு. இரு தரப்பாரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். ஆற்றில் இறங்கியவர்கள் யார், எந்தத் தொழிலையும் எந்த உறவையும் பற்றிக்கொண்டு இந்தச் செய்தி அவர்களிடையே பரவியது, அவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசி முடிவெடுத்தார்கள் என்ற கேள்விகளை அவர்கள் எழுப்புவதே இல்லை. ஓங்கோல் சபையின் வரலாறு அந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் பாப்டிஸ்ட் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன்களும் கத்தோலிக்கர்களும் பிறந்த குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். 1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயரின் தலைமையில் கூடிய சிறு குழுவிலிருந்து கிளைத்த பாப்டிஸ்ட் மரபு இதை ஏற்பதில்லை. விவரம் தெரிந்த ஒருவர் தம் வாயால் தம் விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே, முழு உடலும் நீரில் மூழ்கும்படியாக, முழுக்கு ஞானஸ்நானம் பெற வேண்டும். தந்தையின் விசுவாசம் மகனுக்குச் செல்லாது. ஊராரின் விசுவாசம் ஒருவருக்கும் செல்லாது. இதிலிருந்தே அவர்களுடைய சபை ஒழுங்கும் பிறக்கிறது. பாப்டிஸ்டுகளுக்குப் பேராயர் கிடையாது. ஓர் ஊரில் கூடும் விசுவாசிகளே ஒரு முழுமையான திருச்சபை. உறுப்பினரைச் சேர்ப்பதும் நீக்குவதும் போதகரை அழைப்பதும் அவர்கள் பொறுப்பு. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தெலுங்கு பாப்டிஸ்டுகள் அதில் சேராமல் நின்றதற்கு இந்த மரபே அடித்தளம்.

தனிமனிதனின் தீர்மானத்தை இவ்வளவு வற்புறுத்தும் ஒரு மரபில், ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தது எப்படி?

அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தெலுங்கு மிஷன் 1836இல் சாமுவேல் டே என்பவரின் வருகையோடு தொடங்கியது. விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம், சென்னை என்று இடம் மாறி, 1840இல் அவர் நெல்லூரில் நிலைகொண்டார். தொடக்க ஆண்டுகளில் பலன் மிகக் குறைவு. பர்மாவில் அதே மிஷன் கரேன் மக்களிடையே பெரும் வளர்ச்சி கண்டுகொண்டிருந்ததால், நெல்லூருக்குச் செலவழிப்பது வீண் என்ற பேச்சு அமெரிக்காவில் மீண்டும் மீண்டும் எழுந்தது. 1853இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில், வரைபடத்தில் தனியாக நின்ற நெல்லூரைச் சுட்டி யாரோ அதை ஒற்றை நட்சத்திரம் என்று குறிப்பிட்டார்கள். அந்நாட்டு தேசபக்திப் பாடல் ஒன்றால் புகழ்பெற்றிருந்த சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் அன்றிரவே அந்தத் தலைப்பில் ஒரு கவிதை எழுதி மறுநாள் கூட்டத்துக்குக் கொடுத்தார். மிஷனை மூடும் எண்ணம் கைவிடப்பட்டது. அதன் பிறகு அந்த மிஷனுக்கே ‘ஒற்றை நட்சத்திரம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஆண்டின் முதல் நாள் விடியற்காலையில், ஓங்கோலை ஒட்டிய ஒரு குன்றின்மேல் ஐந்து பேர் ஏறி ஜெபம் செய்தார்கள். நெல்லூரிலிருந்து வந்திருந்த மிஷனரி லைமன் ஜூவெட்டும் அவர் மனைவியும் தவிர, மற்ற மூவரும் தெலுங்குக் கிறிஸ்தவர்கள்; ஜூலியா, ரூத் என்ற இரு பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தக் குன்று இன்றும் ஜெபக்கூட்ட மலை என்றே நினைவுகூரப்படுகிறது. மேலிருந்து தெரிந்த ஒரு மேட்டு நிலத்தைக் காட்டி, அங்கே நம் பங்களாவும் ஆலயமும் அமைந்தால் நன்றாக இருக்குமல்லவா என்று ஜூவெட் ஜூலியாவிடம் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. பின்னாளில் அந்த இடத்திலேயே மிஷன் வளாகம் எழுந்தது. இந்தச் சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள் ஜூவெட்டின் பெயரை மறக்கவில்லை. மற்ற மூவரும் வெறும் ‘உள்ளூர் உதவியாளர்கள்’ ஆகிவிட்டார்கள்.

1865இல் ஜான் எவரெட் க்ளஃப் வந்து சேர்ந்தார். நியூயார்க் மாநிலத்தில் பிறந்து அயோவாவில் வளர்ந்தவர்; இளம் வயதில் அமெரிக்க அரசின் நில அளவைக் குழுவில் வேலை பார்த்தவர். அந்த அனுபவம் பதினொரு ஆண்டுகள் கழித்து யாரும் எதிர்பாராத வகையில் பயன்பட்டது. 1866 செப்டம்பரில் அவரும் மனைவி ஹேரியட்டும் ஓங்கோலில் குடியேறினார்கள்.

ஆனால் அவர்கள் குடியேறுவதற்கு முன்பே சபையின் உண்மையான தொடக்கம் நிகழ்ந்துவிட்டது. ஓங்கோலுக்கு மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் தள்ளகொண்டபாடு என்ற ஊரில் எர்ரகுண்ட்ல பேரய்யா என்ற மாதிகர் வாழ்ந்தார். தமிழ்நாட்டில் அருந்ததியர் என்ற தொகுப்புக்குள் வரும் ஏழு சாதிகளில் மாதிகரும் ஒருவர் என்பது நினைவில் இருந்தால் இந்தக் கதை நமக்கு அந்நியமாகத் தோன்றாது. பேரய்யா தோல் வியாபாரி. பதனிடாத தோல்களை வாங்கி விற்க ஏலூர் வரை சென்று வந்தவர். அந்தப் பயணங்களில்தான் கிறிஸ்தவச் செய்தி அவர் காதில் விழுந்தது. அதற்கு முன்பே அவர் வெறுமனே இருந்தவரல்லர். ராஜயோகம் பயிற்றுவித்த ஒரு குருபரம்பரையில் சீடராகச் சேர்ந்து, மூச்சடக்கி அமரும் பயிற்சியில் ஆண்டுக்கணக்கில் ஈடுபட்டு, தம் சாதியாரிடையே தாமும் ஒரு குருவாக மதிக்கப்பட்டவர். அன்றைய ஆந்திரக் கடலோரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே இத்தகைய சித்தர் மரபுகள் உயிர்ப்போடு இருந்தன. உருவ வழிபாட்டைக் கடந்த ஒரே பரம்பொருளைத் தேடும் பழக்கம் அவர்களுக்குப் புதிதல்ல.

இந்த விவரங்கள் நமக்குக் கிடைப்பதற்கு ஒரு பெண் காரணம். க்ளஃபின் இரண்டாம் மனைவி எம்மா ராஷன்புஷ், செருப்புத் தைத்துக்கொண்டே பேசிய முதிய மாதிக உபதேசியார்களிடம் (உள்ளூர்ப் போதகர்களிடம்) அமர்ந்து, அவர்கள் சொன்ன வாழ்க்கைக் கதைகளைக் குறித்துவைத்து 1899இல் நூலாக்கினார். மிஷன் அறிக்கைகளில் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெற்ற மனிதர்கள் அந்த நூலில் தங்கள் குருக்களோடும் சந்தேகங்களோடும் தென்படுகிறார்கள். மொழிபெயர்ப்பும் மிஷன் நோக்கமும் கலந்த பதிவுதான் அது. இருந்தும் அது இல்லாவிட்டால் பேரய்யா இன்று ஒரு பெயராக மட்டுமே எஞ்சியிருப்பார்.

1866இல் பேரய்யாவும் அவர் மனைவி நாகம்மாவும் ஜூவெட்டின் கையால் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊர் திரும்பிய பேரய்யா தம் உறவினரிடமும் வியாபாரம் செய்த ஊர்களிலும் பேசத் தொடங்கினார். 1867 ஜனவரியில் க்ளஃப் முதன்முறையாகத் தள்ளகொண்டபாட்டுக்குப் போனபோது, புளியந்தோப்பு ஒன்றில் அவருக்காகச் சுற்று ஊர்களிலிருந்து சிலர் காத்திருந்தார்கள். படுக்கையையும் சில நாள்களுக்கு வேண்டிய உணவையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஏதோ கேட்டுவிட்டுப் போகலாம் என்று வருபவர்கள் சோறு கட்டிக்கொண்டு வருவதில்லை. அங்கே 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இரண்டு வாரங்களுக்கு முன் எட்டுப் பேராக இருந்த சபை ஒரே பயணத்தில் நான்கு மடங்குக்கும் மேல் பெருகியது. அந்தப் பெருக்கத்துக்கு வேண்டிய வேலை முழுவதையும் மிஷனரி வருவதற்கு முன்பே ஒரு தோல் வியாபாரி முடித்துவைத்திருந்தார்.

இதன் விளைவு உடனே ஓங்கோலில் தெரிந்தது. ஊரின் பிராமணக் குடும்பங்களும் கோமட்டி என்ற வணிகக் குடும்பங்களும் தந்த ஆதரவோடு க்ளஃப் ஒரு பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். அந்த மாணவர்களிடையே கிறிஸ்தவ மதத்தின்மீது ஆர்வமும் முளைத்திருந்தது. மாதிகரைச் சபையில் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கற்றவர்களும் செல்வாக்குள்ளவர்களும் முதலில் வந்தால் மற்றவர்கள் தாமே பின்வருவார்கள் என்ற கணக்கு அன்றைய மிஷனரிகள் பலரிடம் இருந்தது. க்ளஃபுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. அன்றிரவு அவரும் ஹேரியட்டும் வெவ்வேறு அறைகளில், ஒருவரையொருவர் அறியாமல், கையில் எடுத்த வேதாகமத்தைத் திறந்தபோது இருவர் கண்ணிலும் பட்டது முதலாம் கொரிந்தியர் முதல் அதிகாரத்தின் 26ஆம் வசனம் என்று அவர்கள் பின்னர் கூறினார்கள். “மாம்சத்தின்படி ஞானிகள் அநேகரில்லை, வல்லவர்கள் அநேகரில்லை, பிரபுக்கள் அநேகரில்லை” என்பது அந்த வசனத்தின் பகுதி. மாதிகரைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. பள்ளி காலியாயிற்று.

இந்த நிகழ்வை அற்புதமாகக் காண்பவர்கள் காணட்டும். வரலாற்று நோக்கில் பார்த்தால், மாதிகர் ஏற்கெனவே வந்துவிட்டார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் பாப்டிஸ்ட் ஒழுங்கின்படி க்ளஃபுக்கே கிடையாது. தம் விசுவாசத்தை அறிக்கையிட்ட ஒருவருக்குத் தண்ணீரை மறுக்க எந்தக் காரணமும் இல்லை. அந்தக் கொள்கையை அவர் சாதிக்காக வளைக்கவில்லை என்பதில் அவருக்குரிய பெருமை இருக்கிறது.

ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் எளிமையானவையாகத் தோன்றும்: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது, செத்த மாட்டின் இறைச்சியை உண்ணக் கூடாது, விக்கிரகங்களை வணங்கக் கூடாது. வாசிப்பவருக்கு ஏதோ ஒழுக்க விதிகளாகப் படும் இவை, கிராமத்தின் ஏற்பாட்டையே அசைத்தன.

மாதிகர் ஊருக்கு வெளியே தனிச் சேரியில் குடியிருந்தார்கள். உழவருக்குச் செருப்பும், கமலை இறைக்கும் தோல் சாலும், ஏருக்கும் வண்டிக்கும் வேண்டிய தோல் வாரும் செய்து கொடுப்பது அவர்கள் கடமை. அதற்கு ஈடாக அறுவடையின்போது களத்தில் ஒரு பங்குத் தானியம் கிடைக்கும். ஊர்க் கணக்கரான கர்ணமும் ஊர்த் தலைவரான ரெட்டியும் அழைத்த நேரத்தில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அந்த வேலைக்குத் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே பெயர், வெட்டி. அழைத்தால் வந்தே தீர வேண்டும் என்பதே வெட்டியின் சாரம் என்றிருக்க, ஏழு நாளில் ஒரு நாள் வரமாட்டேன் என்று சொல்வது அந்த ஏற்பாட்டின் ஆணிவேரில் கை வைப்பதாகும். செத்த மாட்டை அப்புறப்படுத்துவது அவர்கள் கடமை, அதன் தோலும் இறைச்சியும் அவர்கள் உரிமை. அந்த இறைச்சியை உண்பதுதான் அவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்பதற்குச் சொல்லப்பட்ட காரணமும்கூட. அதை விடுவது அரைவயிற்றுக் குடும்பத்துக்குப் பெரிய இழப்பு. ஆனாலும் அந்த இழப்புக்கு ஈடாக அவர்கள் பெற்றது தங்கள்மீது குத்தப்பட்ட முத்திரையை மறுக்கும் வாய்ப்பு. விக்கிரக வழிபாட்டை விடுவது என்றால் ஊர் அம்மன் கொடையில் தப்பு அடிக்க மறுப்பது. மாதிகர் தப்பு ஒலிக்காமல் திருவிழா நடக்காது. திருவிழா நடக்காவிட்டால் அம்மை வரும், மழை பொய்க்கும் என்று ஊரார் அஞ்சினார்கள்.

எனவே எதிர்ப்பு கடுமையாக இருந்ததில் வியப்பில்லை. கிணறு அடைக்கப்பட்டது, களத்துப் பங்கு நிறுத்தப்பட்டது, பொய் வழக்குகள் வந்தன. க்ளஃப் மாவட்ட அதிகாரிகளுக்கு எழுதினார், வழக்குகளில் துணை நின்றார். ஓங்கோல் பங்களாவில் தங்களுக்காக எழுதித் தரவும் பேசவும் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி சேரிகளில் பரவியதும் சபை வளர ஒரு காரணம். இதை மறைப்பதில் பொருளில்லை. நீதி கேட்பதையும் கடவுளைத் தேடுவதையும் வெவ்வேறு பெட்டிகளில் அடைக்கும் பழக்கம் வயிறு நிறைந்தவர்களுடையது.

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் சொல்லிச் சென்ற பஞ்சம் அது. தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. அரசின் நிவாரணப் பணிகளில் ஆண் ஒருவருக்கு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று, நிவாரணத்தை மேற்பார்வையிட இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தது இந்தப் பஞ்சத்தின்போதுதான். மண் வெட்டிச் சுமக்கும் உடலுக்கு அது போதாது என்று அப்போதே மருத்துவ அதிகாரிகள் எதிர்த்தார்கள்.

சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைத் தாங்கிய கால்வாய், பஞ்ச நிவாரணப் பணியாகக் கடலோரமாக வெட்டப்பட்டது. இன்று சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கும் அதே கால்வாயின் வடகோடி ஓங்கோல் பகுதியையும் கடந்து பெத்தகஞ்சாம் வரை செல்கிறது. பொதுப் பணியிடங்களில் மேஸ்திரிகளின் கையில் தாழ்த்தப்பட்டவர்கள் பட்ட பாட்டைக் கண்ட க்ளஃப், மூன்றரை மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டும் ஒப்பந்தத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். பழைய நில அளவைக்காரர் மறுபடி அளவுச் சங்கிலியைக் கையில் எடுத்தார். உபதேசியார்கள் மேஸ்திரிகளானார்கள். பனையோலைக் குடிசைகள் வரிசையாக எழும்ப, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அங்கே வேலை செய்தார்கள். காலராவும் அங்கே வந்தது.

அந்த முகாமில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கான ஊர்களின் சேரிகள் முதன்முறையாக ஓரிடத்தில் கலந்தன. உச்சி வெயிலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்காரும் நேரத்தில், தங்கள் பாஷையில், தங்கள் சாதியைச் சேர்ந்த ஒருவர், கூலிக் கணக்கைச் சரியாகப் பார்த்துக் கொடுப்பவர், பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே” என்று தொடங்கும் வசனம் மண்கூடை சுமந்தவர்களின் காதில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து ஊர் திரும்பியவர்கள் அந்தப் பேச்சையும் உடன் கொண்டுபோனார்கள்.

பலர் அங்கேயே ஞானஸ்நானம் கேட்டார்கள். க்ளஃப் மறுத்தார். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பழி வரக் கூடாது என்பதற்காக, நிவாரணப் பணம் தம் கையில் இருக்கும்வரை ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்று பதினைந்து மாதங்கள் நிறுத்திவைத்தார். சோற்றுக் கிறிஸ்தவர் என்ற குற்றச்சாட்டை இன்று திரும்பச் சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய காலவரிசை இது. தானியம் கொடுத்த மாதங்களில் தண்ணீர் கொடுக்கப்படவில்லை. தண்ணீர் கொடுக்கப்பட்டபோது தானியம் நின்றிருந்தது. ஆனால் இந்தக் காலவரிசை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பஞ்சத்தில் கைகொடுத்தவரை மக்கள் பஞ்சம் முடிந்ததும் மறப்பதில்லை. அடுத்த பஞ்சத்தைப் பற்றிய அச்சமும் நெஞ்சில் இருந்திருக்கும். நன்றியும் அச்சமும் விசுவாசமும் ஒரே மனத்தில் சேர்ந்திருக்க முடியும்.

1878 ஜூன் நடுவில், ஓங்கோலுக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் குண்ட்லகம்மா ஆற்றங்கரையில் இருக்கும் வெள்ளம்பள்ளியில் உபதேசியார்களின் கூட்டம் கூட்டப்பட்டது. ஆள்களை அழைத்துவர வேண்டாம் என்று சொல்லியும் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்து வந்துவிட்டார்கள். இனிக் கொடுப்பதற்குப் பணமோ வேலையோ இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்ட பிறகும் அவர்கள் போகவில்லை. விசாரணை தொடங்கியது. ஒவ்வொரு சேரியிலிருந்து வந்தவர்களும் தங்கள் உபதேசியாரைச் சூழ்ந்து தனிக் குழுக்களாக உட்கார, உபதேசியார் தமக்குத் தெரிந்தவரைச் சான்று சொல்லி, கேள்வி கேட்டு, பெயரை எழுதிக்கொண்டார்.

ஜூலை 2ஆம் தேதி 614 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். மறுநாள் 2,222 பேர். அதற்கு அடுத்த நாள் 700 பேர். மூன்று நாள்களில் 3,536 பேர். ஜூலை 3 அன்று காலை ஆறு மணியளவில் தொடங்கி, உச்சி வெயிலில் இடைவெளி விட்டு, பிற்பகலில் தொடர்ந்து, ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் அது நடந்தது. குருப்பட்டம் பெற்ற தெலுங்கு உபதேசியார்கள் ஆறு பேர் முறை வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் இருவராகத் தண்ணீரில் நின்றார்கள். களைத்தவர் கரையேற அடுத்தவர் இறங்கினார். க்ளஃப் அன்று ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கரையில் எழுத்தர்கள் பட்டியலைப் பார்த்துப் பெயரை உரக்கப் படிக்க, அந்தப் பெயருக்குரியவர் ஆற்றில் இறங்குவார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒருவருக்கு அரை நிமிடம் வருகிறது: பெயர், சில அடிகள் நடை, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்ற வார்த்தைகள், முழுக்கு, கரையேற்றம். வேதாகமம் சொல்லும் பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேரை முழுக்கு முறையில் ஞானஸ்நானம் செய்திருக்க முடியுமா என்று நெடுங்காலமாக நடந்துவந்த விவாதத்தில், முடியும் என்பதற்குப் பாப்டிஸ்டுகள் இந்த ஆற்றங்கரையைச் சான்றாகக் காட்டத் தொடங்கினார்கள்.

நான் மேலே எழுப்பிய கேள்விக்கு விடை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. சேரி சேரியாக வந்தார்கள் என்பது உண்மை. உறவும் சம்பந்தமும் ஊர்ப் பெரியவர்களின் பேச்சும் சேர்ந்துதான் முடிவு பிறந்தது. ஒரே சேரியில் பெண் கொடுத்து எடுத்து வாழ்பவர்களிடம், மற்றவரைக் கேளாமல் தனியே முடிவெடு என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. ஆனால் ஆற்றில் இறங்கும்போது கூட்டமாக இறங்கவில்லை. ஒவ்வொரு பெயரும் தனியாகக் கூப்பிடப்பட்டது. சேரியில் கூடிப் பேசி எடுத்த முடிவைத் தண்ணீரில் ஒவ்வொருவரும் தனித்தனியே உறுதி செய்தார்கள். இரண்டு ஒழுங்குகள் ஒன்றையொன்று விழுங்காமல் சந்தித்த நாள் அது. ஊரில் அவமரியாதையாகக் கூவி அழைக்கப்பட்டே பழகிய ஒருவருக்கு, ஆயிரம் பேர் முன்னிலையில் தம் பெயர் மட்டும் மரியாதையோடு வாசிக்கப்பட்டது சிறிய செய்தியல்ல.

அந்த ஆண்டு முடிவதற்குள் 9,606 பேர் சேர்ந்திருந்தார்கள். இவ்வளவு பேரும் பேரேட்டளவில் ஒரே சபையின், ஓங்கோல் சபையின், உறுப்பினர்கள். நூற்றுக்கணக்கான கிராமங்களில் சிதறிக் கிடந்த அவர்களை ஓர் ஆலயம் கொள்ளாது, ஒரு போதகர் அறியமாட்டார். க்ளஃப் இதற்கு அமெரிக்க மாதிரியைத் தேடாமல், சேரியில் ஏற்கெனவே இருந்த பெரியவர்களின் பஞ்சாயத்தையே சபை நிர்வாகமாக ஏற்றுக்கொண்டார். வழக்கைத் தீர்ப்பதும் திருமணத்தை ஒழுங்குசெய்வதும் ஒழுக்கம் தவறியவரைக் கண்டிப்பதும் அவர்கள் கையில் இருந்தன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை உபதேசியார்கள் எல்லாரும் ஓங்கோலில் கூடி, சில நாள்கள் தங்கி, கணக்கும் செய்தியும் பாடமும் பரிமாறிக்கொண்டு திரும்பினார்கள். ராமாபட்டணத்தில் இருந்த இறையியல் பள்ளி உபதேசியார்களுக்குப் பயிற்சி தந்தது. பிறகு கம்பம், வினுகொண்டா, நரசராவுபேட்டை, பாபட்லா ஆகியவை தனி மிஷன் நிலையங்களாகப் பிரிந்தன. 1890 டிசம்பர் 28 அன்று மீண்டும் ஒரே நாளில் 1,671 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்து அமெரிக்கா சென்ற க்ளஃப் 50,000 டாலரும் இருபத்தைந்து புதிய மிஷனரிகளும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். 1910இல் அவர் காலமானார்.

அமெரிக்கப் பணத்தோடு ஒரு முரண்பாடும் வந்தது. ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது என்பது கொள்கை. உபதேசியாரின் சம்பளமோ மிஷனிலிருந்து வந்தது. சம்பளம் கொடுப்பவரின் சொல் எடுபடும் என்பது எந்தச் சபை ஒழுங்காலும் மாறாத நடைமுறை. களத்துப் பங்கை இழந்த மக்கள் தங்கள் போதகரைத் தாங்களே தாங்கும் நிலைக்கு வரப் பல தலைமுறைகள் ஆயின. 1962இல் தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகளின் சமாவேசம் என்ற பேரவை அமைந்து பொறுப்பு இந்தியர் கைக்கு வந்தபோது, நிலமும் பள்ளியும் மருத்துவமனையும் கொண்ட பெரும் சொத்தும் கூடவே வந்தது. அதைப் பற்றிய வழக்குகளும் வந்தன.

சாதியைக் கடந்த சபை உருவானதா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஓங்கோல் பாப்டிஸ்டுகள் பெரும்பாலும் மாதிகர்; பக்கத்துக் குண்டூர் பகுதியின் லுத்தரன்களில் மாலர் என்ற மற்றொரு ஒடுக்கப்பட்ட சாதியார் பெரும்பான்மை. எந்த வலையின் வழியாகச் செய்தி பரவியதோ அந்த வலையின் எல்லையிலேயே அது நின்றது. பேரய்யாவின் தோல் வியாபாரமும் உறவும் மாதிகச் சேரிகளைத் தொட்டன. மாலர் சேரிகளைத் தொடவில்லை. இரு சாதிகளுக்கும் இடையே முன்பிருந்த பூசல், இப்போது இரண்டு திருச்சபைகளுக்கு இடையிலான வேறுபாடாகவும் தொடர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு சபைப் பேரேட்டுக்கே ஒரு புதிய சிக்கல் வந்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினர் என்ற தகுதி இந்துக்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. ஆந்திராவில் கிறிஸ்தவரான மாதிகர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் ‘சி’ பிரிவில் வருகிறார்; அந்தப் பிரிவு முழுவதற்கும் கிடைக்கும் ஒதுக்கீடு ஒரு விழுக்காடு. கிணற்றையும் தெருவையும் பொறுத்தவரை அவர் நிலை மாறவில்லை; தாலுகா அலுவலகக் கோப்பில் மட்டும் மாறிவிடுகிறது. பிள்ளையின் கல்லூரி இடமும் வேலையும் அந்தக் கோப்பைப் பொறுத்தவை என்பதால், பல குடும்பங்களில் ஆளுக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று வேதாகமத்திலிருந்து வைத்தது, ஞாயிறு ஆராதனையில் கூப்பிடுவது. மற்றது பள்ளிச் சேர்க்கையின்போது எழுதிக் கொடுத்தது, சாதிச் சான்றிதழில் இருப்பது. ஆற்றங்கரையில் முன்னோரின் பெயரை உரக்க வாசித்து வரவேற்ற சபையின் பேரேட்டில், இன்று தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் நிலையில் அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இருக்கிறார்கள். கேட்டதும் போதகர் பேனாவை மூடிவைக்கிறார்.